ஆறை எட்டாக்க ஒன்பது நாள்

2024 மார்ச் 1 முதல் மலேசியாவில் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. முந்தைய அக்டோபர் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். நாங்கள்தான் பிப்ரவரி மூன்றாம் வாரம் வரை அசையவில்லை. வேலை சின்னது என்ற நினைப்பு. ஓர் எண்ணை அழித்துவிட்டு இன்னோர் எண்ணை எழுத வேண்டும், அவ்வளவுதானே? அதற்கு ஒன்பது நாள் ஆனது. வரி சம்பந்தப்பட்ட வேலையை மட்டும் கூட்டிப் பார்த்தால் ஒரு நாள் தேறும். மீதி எட்டு நாளும் பில்ட் பின்னால், அதாவது எழுதிய நிரலை ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டும் வேலையின் பின்னால், ஓடியதில் போயிற்று. அந்த எட்டு நாளின் கதை இது.

நான் இருப்பது பினாங்கு பாயான் லெப்பாஸில். ஹோட்டல்களுக்கான மென்பொருள் செய்கிறோம்: அறைப் பதிவு, பில், உணவகக் கணக்கு, இரவுக் கணக்கு முடிப்பு. ஜாவா மொழியில் எழுதி, மேவன் என்ற கருவியால் பில்ட் செய்கிற பழைய திட்டம், 62 மாட்யூல்கள் (தனித்தனிப் பகுதிகள்). பில்ட் யாருடைய பொறுப்பு என்று கேட்டால் எல்லாரும் என்னைக் கைகாட்டுவார்கள். நான் திரும்பி, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பேன்.

ஜாருக்குள் ஒட்டிக்கொண்ட ஆறு

பிப்ரவரி 20, செவ்வாய். வரி விகிதம் 'காமன்' என்ற மாட்யூலில் ஒரு மாறிலியாக இருந்தது. மதிப்பு 6. எங்கள் குழுவில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத தம்பி ஒருவன், பட்டர்வொர்த்திலிருந்து தினமும் பாலம் தாண்டி வருகிறவன், அதை 8 ஆக்கினான். முழு பில்ட் ஓட 55 நிமிடம் பிடிக்கும் என்பதால் எல்லாரும் செய்வதையே அவனும் செய்தான். காமனை மட்டும் பில்ட் செய்து, அந்த ஒரு ஜார் கோப்பை (பில்ட் ஆன மாட்யூலின் பொதி) மட்டும் தூக்கி டெஸ்ட் சர்வரில் போட்டான்.

300 ரிங்கிட் அறை ஒன்றுக்கு பில் எடுத்தால் வரி 24.00 என்று வந்தது. சரி. அதே அறைக்கு இரவுக் கணக்கு அறிக்கையில் வரி 18.00. அதே சர்வர், அதே இரவு, ஒரே விருந்தினர்.

ஜாவா தெரிந்தவர்களுக்கு இதற்குள் சிரிப்பு வந்திருக்கும். ஸ்டாட்டிக் ஃபைனல் என்று எழுதிய எளிய மாறிலியின் மதிப்பை கம்பைலர் (எழுதிய நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கருவி), அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு கிளாஸுக்குள்ளும் (நிரலின் சிறு அலகு) பிரதி எடுத்து வைத்துவிடும். ஓடும்போது அந்த கிளாஸ் காமனைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. மொழியின் விதியே அப்படி, பிழை அல்ல. பில் அச்சிடும் கிளாஸ் காமனுக்குள்ளேயே இருந்ததால் (அது ஏன் அங்கே இருந்தது என்று கேட்காதீர்கள்) அது மறுபடி கம்பைல் ஆகி எட்டைப் பிடித்துக்கொண்டது. இரவுக் கணக்கு வேறு மாட்யூல். அதன் ஜாருக்குள் பழைய ஆறு கல்லில் வெட்டின மாதிரி உட்கார்ந்திருந்தது.

1976இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' கருவியை எழுதியதற்குக் காரணமே இப்படி ஒரு காலைப்பொழுதுதான். ஸ்டீவ் ஜான்சன் என்ற சகா ஒரு பிழையைத் திருத்தியிருந்தார். ஆனால் அந்தக் கோப்பு மறுபடி கம்பைல் ஆகவில்லை. சரியாக இருந்த நிரலிலேயே காலை முழுக்கப் பிழை தேடிவிட்டு, ஃபெல்ட்மனின் அறைக்கு வந்து புலம்பினாராம். எது எதைச் சார்ந்தது என்று கருவிக்குத் தெரிந்திருக்க வேண்டும், மாறியதையும் அதைச் சார்ந்தவற்றையும் அதுவே மறுபடி செய்ய வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. அதற்கு 48 வருடம் கழித்து நாங்கள், அந்த வேலையைச் செய்யும் கருவியை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, கையால் ஜாரைத் தூக்கிப் போட்டோம்.

அகர வரிசை

மறுநாள் காலை கணக்குப் பிரிவிலிருந்து ஓர் அக்கா வந்து இன்னொன்றைச் சொன்னார். எல்லாம் எட்டாகவில்லை. உணவு, பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்தம், தளவாடம் ஆகியவை 6 விழுக்காட்டிலேயே இருக்கும். அறைக்கு எட்டு, அதே ஹோட்டலின் உணவகத்துக்கு ஆறு. ஒரே மாறிலியில் இது அடங்காது. சேவை வகையையும் தேதியையும் பார்த்து விகிதம் எடுக்கும் அட்டவணையாக மாற்றினோம். தம்பி அரை நாளில் அழகாக முடித்தான். இந்த முறை முழு பில்ட் ஓட்டினோம். டெஸ்ட் எல்லாம் பச்சை.

வியாழக்கிழமை மாலை, பத்து பெரிங்கி கடற்கரையில் இருக்கும் ஒரு ஹோட்டலில் முன்னோட்டமாகப் போட்டோம். புதிய பதிப்பை முதலில் வாங்கிக்கொள்ளும் நல்ல மனசுக்காரர்கள் அவர்கள்.

வெள்ளி அதிகாலை 3.20க்கு போன். இரவுப் பணியில் இருக்கும் அங்கிள்.

"தங்கச்சி, டே குளோஸ் ஆக மாட்டேங்குதும்மா. செவப்பா என்னமோ எழுதுது."

ஹோட்டல் வேலை தெரியாதவர்களுக்கு: ஹோட்டலில் நள்ளிரவு பன்னிரண்டுக்குத் தேதி மாறாது. இரவுப் பணியாளர் இரண்டு, மூன்று மணிவாக்கில் நைட் ஆடிட் ஓட்டுவார். தங்கியிருக்கும் ஒவ்வோர் அறைக்கும் வாடகையும் வரியும் கணக்கில் ஏறி, அறிக்கைகள் வந்து, அதன் பிறகுதான் ஹோட்டலின் தேதி அடுத்த நாளுக்கு நகரும். அது நின்றால் காலையில் அறையைக் காலி செய்கிறவர்களுக்கு பில் கொடுக்க முடியாது. ஆறு மணிக்கே விமான நிலையத்துக்குக் கிளம்புகிறவர்கள் இருப்பார்கள்.

அந்தச் சிவப்பு எழுத்தை அங்கிள் வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பினார். 'நோ சச் மெத்தட் எரர்'. குவாவா லைப்ரரியின் அப்ஜெக்ட்ஸ் கிளாஸில் 'ஃபர்ஸ்ட் நான் நல்' என்ற மெத்தட் (கூப்பிட்டு வேலை வாங்கும் நிரல் துண்டு) இல்லையாம். குவாவா என்பது கூகுள் வெளியிடும் பொதுப்பயன் லைப்ரரி, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய தயார் நிரல். பெயருக்கு அர்த்தம் கொய்யாதான். நாங்கள் வரி விகிதத்தைத்தானே தொட்டோம், கொய்யாவை யார் தொட்டது?

திரும்பிப் போக வழியில்லை

சரி, பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்று ஜனவரி டேகை (அந்த வெளியீட்டின் நிரலுக்கு வைத்த அடையாளம்) எடுத்து பில்ட் கொடுத்தேன். கம்பைலே ஆகவில்லை. ஜனவரியில் ஒழுங்காக வெளிவந்து பல ஹோட்டல்களில் ஓடிக்கொண்டிருக்கும் அதே கோடு (நிரல்), பிப்ரவரியில் கம்பைல் ஆகவில்லை.

காரணம் அவமானமானது. எங்களுடைய இன்னொரு குழு செய்யும் உள் லைப்ரரியை 'ஸ்னாப்ஷாட்' பதிப்பாக இழுத்துக்கொண்டிருந்தோம். மேவனில் ஸ்னாப்ஷாட் என்றால் இன்னும் முடியாத, மாறிக்கொண்டே இருக்கும் பதிப்பு. பெயர் ஒன்றுதான், உள்ளே இருப்பது நாளுக்கு நாள் வேறு. வேறு மாதிரி சொல்லாவிட்டால் மேவன் நாளுக்கு ஒருமுறை புதிது வந்திருக்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொள்ளும். ஜனவரி டேகில் எங்கள் கோடு மட்டும்தான் உறைந்திருந்தது. அது சாய்ந்து நின்ற சுவர் இடம்பெயர்ந்துவிட்டது. அந்தக் குழு பிப்ரவரி நடுவில் ஒரு கிளாஸின் பெயரை மாற்றியிருந்தார்கள். அதற்கு அவர்களுக்கு முழு உரிமையும் உண்டு.

ஜனவரியில் உண்டான ஜாரையே எடுத்து வைத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. வெளியீட்டை எப்போதும் டேகிலிருந்து மறுபடி பில்ட் செய்துகொள்ளலாம் என்று நம்பி, ஜார்களை நாங்கள் சேமிக்கவில்லை. கடைசியில் காப்பாற்றியது அந்த ஹோட்டல்தான். அவர்களுடைய கணினிப் பையன் ஒருவன், எங்களை நம்பாமல், பழைய கோப்புகளை ஒரு ஃபோல்டரில் எடுத்து வைத்திருந்தான். 4.50க்கு அதைத் திரும்பப் போட்டு, 5.15க்கு நைட் ஆடிட் முடிந்தது. அந்தப் பையனுக்கு நாசி கண்டார் வாங்கித் தர வேண்டும் என்று அன்றே சொன்னேன். இன்னும் வாங்கித் தரவில்லை.

மரம்

சனிக்கிழமை சாப் கோ மே, சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள். அலுவலகத்தில் நானும் தம்பியும் மட்டும். புதன்கிழமை கமிட்டில் (சேமித்த நிரல் மாற்றத்தில்) என்னவெல்லாம் மாறியது என்று வரி வரியாகப் பார்த்தோம்.

"நான் வேற ஒன்னுமே தொடலக்கா."

"இந்த பாம் கோப்புல நாப்பது வரி மாறியிருக்கே?"

"அதுவா? கலைஞ்சு கெடந்துச்சு. அகர வரிசையில அடுக்கினேன். அவ்ளோதான். ஒன்னு கூட்டல, ஒன்னு கொறைக்கல."

மேவனில் ஒரு மாட்யூலுக்கு எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்று எழுதும் கோப்பின் பெயர் பாம். தமிழில் எழுதினால் வெடிகுண்டு மாதிரிதான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பட்டியலை அடுக்கினால் என்ன ஆகிவிடும்? நானும் அப்படித்தான் நினைத்தேன். கமிட்டுக்கு முன்னும் பின்னும் டிபெண்டென்சி மரத்தை (எந்த லைப்ரரி எதைக் கூட்டி வருகிறது என்ற படத்தை) விரிவாக அச்சிட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. முன்பு:

அறிக்கை மாட்யூல்
– ரிப்போர்ட் லைப்ரரி
– – குவாவா 19.0
– எக்செல் லைப்ரரி
– – (குவாவா 23.0: 19.0உடன் மோதியதால் விடப்பட்டது)

பின்பு:

அறிக்கை மாட்யூல்
– எக்செல் லைப்ரரி
– – குவாவா 23.0
– ரிப்போர்ட் லைப்ரரி
– – (குவாவா 19.0: 23.0உடன் மோதியதால் விடப்பட்டது)

குவாவாவை நாங்கள் கேட்கவே இல்லை. நாங்கள் கேட்ட இரண்டு லைப்ரரிகள் தங்கள் பங்குக்கு ஆளுக்கொரு குவாவாவைக் கூட்டி வந்தன. ஜாவாவில் ஒரே பெயருள்ள கிளாஸுக்குச் சாதாரணமாக ஒரு நாற்காலிதான். ஜாவாஸ்கிரிப்ட் உலகில் என்பிஎம் என்ற கருவி செய்வதுபோல் ஆளுக்கொரு பிரதி கொடுத்துச் சமாளிக்க முடியாது. ஆகவே மேவன் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அதன் விதி எது புதியது என்று கேட்பதில்லை. மரத்தில் எது வேருக்குக் கிட்டத்தில் இருக்கிறதோ அதற்கு இடம். இரண்டும் ஒரே தூரத்தில் இருந்தால் பட்டியலில் எது முதலில் எழுதப்பட்டதோ அதற்கு. பந்திக்கு முந்து என்பார்களே, அதேதான். ஆங்கில எழுத்து வரிசையில் எக்செல் முன்னே வந்தது, ரிப்போர்ட் பின்னே போனது, குவாவா 19இன் இலையை எடுத்துவிட்டார்கள்.

ரிப்போர்ட் லைப்ரரி 2016இல் எங்கள் ஆள் ஒருவர் எழுதியது. அது 'ஃபர்ஸ்ட் நான் நல்' மெத்தடை அப்ஜெக்ட்ஸ் கிளாஸில் தேடும். குவாவாக்காரர்கள் அதை 18ஆம் பதிப்பிலேயே 'மோர் அப்ஜெக்ட்ஸ்' என்ற கிளாஸுக்கு மாற்றிவிட்டார்கள். பழைய இடத்தில் இருந்ததைக் கொஞ்சகாலம் விட்டுவைத்து, 2017இல் வந்த 21ஆம் பதிப்பில் தூக்கிவிட்டார்கள். முறையாக அறிவித்துச் செய்ததுதான். கோபித்துக்கொள்ள எதுவுமில்லை.

கம்பைலில் ஏன் தெரியவில்லை? எங்கள் கோடு அந்த மெத்தடைக் கூப்பிடவே இல்லை. ஏற்கெனவே கம்பைல் ஆகியிருந்த ரிப்போர்ட் ஜார்தான் கூப்பிட்டது. டெஸ்டில் ஏன் தெரியவில்லை? நாங்கள் ஓட்டும் ஜாவா, மெத்தட் இருக்கிறதா என்று முதன்முறை கூப்பிடும் நொடியில்தான் பார்க்கிறது. அந்த நொடி நைட் ஆடிட்டின் கடைசி அறிக்கையில் மட்டும் வரும். அதை ஓட்டும் டெஸ்ட் எங்களிடம் இல்லை.

எனக்கு உறைத்தது வேறொன்று. எக்செல் லைப்ரரியைச் சேர்த்தது 2018இல். அதாவது 23க்காக எழுதிய லைப்ரரி ஆறு வருடமாக 19இன் மேல் ஓடியிருக்கிறது, வாயைத் திறக்காமல். யாரும் தேர்ந்தெடுக்காத ஒரு பதிப்பு, பட்டியலில் யாரோ எந்த வரியை முதலில் தட்டினார்கள் என்பதைப் பொறுத்து, ஹோட்டல்களின் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தது. தம்பி எதையும் உடைக்கவில்லை. உடைந்திருந்ததை அடுக்கி வைத்தான். திங்கட்கிழமைக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். இரண்டு பேருக்கு அப்போதும் சமாதானமாகவில்லை.

கிரேடில் என்ற கருவி இதே மோதலில் தானாகவே பெரிய பதிப்பை எடுத்துக்கொள்ளும். நாங்கள் அதில் இருந்திருந்தால், எக்செல் லைப்ரரியைச் சேர்த்த அன்றே நைட் ஆடிட் விழுந்திருக்கும். அதுதான் நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு மெஷினில் பச்சை, ஒன்றில் சிவப்பு

திருத்தம் சுலபமாகத் தெரிந்தது. மேல் மட்ட பாம் கோப்பில் குவாவா 20 என்று நாங்களே எழுதிப் பூட்டுவது. 20இல் பழைய மெத்தட் இன்னும் இருந்தது, எக்செல் லைப்ரரிக்குத் தேவையானவையும் இருந்தன. திங்கள் காலை பில்ட் கொடுத்தால் ஒரு மெஷினில் பச்சை, இன்னொன்றில் சிவப்பு.

இதைத் தேடியதில் ஒன்றரை நாள் போனாலும் சொல்ல அதிகமில்லை. ஒவ்வொரு பில்ட் மெஷினிலும் எல்லா வேலைகளும் அந்த மெஷினின் ஒரே லோக்கல் ரெப்போவை (ஜார்களைச் சேர்த்து வைக்கும் இடம்) பகிர்ந்துகொண்டன. யாரோ தன் கிளையிலிருந்து 'இன்ஸ்டால்' கொடுத்து அங்கே போட்ட அரைகுறை ஜார் ஒன்று இரண்டாவது மெஷினின் ரெப்போவில் தங்கிவிட்டது. அதன்பின் அந்த மெஷினில் ஓடிய ஒவ்வொரு பகுதி பில்டும் அதையே எடுத்துப் பயன்படுத்தியது. ரெப்போவை முழுக்க அழித்தேன். எல்லாம் மறுபடி இறங்கி முடிக்க, கீழே போய் தே தாரிக் குடித்து வர நேரம் சரியாக இருந்தது.

செவ்வாய் மாலை மறுபடி பத்து பெரிங்கி. புதன் அதிகாலை, 28ஆம் தேதி, நைட் ஆடிட் முடிந்தது. அறைக்கு எட்டு, உணவகத்துக்கு ஆறு காட்டும் அட்டவணையும் ஒழுங்காக ஏறியிருந்தது. 29ஆம் தேதி எல்லா ஹோட்டல்களுக்கும் போட்டோம். 2024 லீப் வருடம். அந்த ஒரு நாளுக்கு நன்றி.

பிறகு செய்தவை

20 என்று பூட்டியது கட்டுப் போட்டது மாதிரிதான். குவாவா 24.1.1க்கு முந்தைய பதிப்புகளில் 2018இல் ஒரு பாதுகாப்புக் குறை பதிவாகியிருக்கிறது. எங்கள் ஸ்கேனர் மறுநாளே அதைச் சுட்டிக்காட்டிக் கத்தியது. ரிப்போர்ட் லைப்ரரிக்குள் குவாவாவை வேறு பெயரில் பொதிந்து வைத்துவிடலாம் என்று ஓர் அண்ணன் சொன்னார். செய்யலாம்தான். ஆனால் அடுத்த பாதுகாப்புக் குறை வரும்போது உள்ளே எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வேண்டாம் என்றேன். 2016இன் மூலக் கோடைத் தேடி எடுத்தோம். 'அப்ஜெக்ட்ஸ்' என்றிருந்த இடத்தில் 'மோர் அப்ஜெக்ட்ஸ்' என்று மாற்றி மறுபடி பில்ட் செய்தோம். மூன்று இடத்தில் ஒரு சொல். பிறகு குவாவாவைப் புதிய பதிப்புக்கு ஏற்றினோம்.

அடுத்து, இரண்டு பேர் கேட்கும் ஒவ்வொரு லைப்ரரிக்கும் பதிப்பை நாங்களே ஒரே பொதுப் பட்டியலில் எழுதினோம். மோதல் இருந்தால் பில்டையே நிறுத்தும் விதியை, மேவனில் விதிகளைச் சரிபார்க்கும் என்ஃபோர்சர் என்ற துணைக்கருவியில் போட்டோம். முதல் ஓட்டத்தில் அது கொட்டிய பட்டியலைப் பார்த்து அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஏப்ரல் முழுக்க அதைத்தான் குறைத்துக்கொண்டிருந்தோம். வெளியீட்டு பில்டில் ஸ்னாப்ஷாட் இருந்தால் அதுவும் விழும். வெளியான ஜார் ஒவ்வொன்றும் சேமிப்பில் இருக்கிறது; பில்ட் வேலைகளுக்குத் தனித்தனி லோக்கல் ரெப்போ.

எல்லா லைப்ரரிகளும் இப்போது எங்களுடைய மிரர் (நாங்களே வைத்திருக்கும் பிரதிக் களஞ்சியம்) வழியாகத்தான் வருகின்றன. இதை முன்பே செய்திருக்க வேண்டும், எச்சரிக்கைக்குக் குறையே இல்லை. 2016 மார்ச்சில் 'லெஃப்ட் பேட்' என்ற 11 வரி லைப்ரரியை அதை எழுதியவர் என்பிஎம்மிலிருந்து எடுத்ததும் உலகெங்கும் பில்டுகள் விழுந்தன. 2020 ஜனவரி 15, பொங்கலன்று, மேவனுக்கு லைப்ரரிகளைத் தரும் பொதுக் களஞ்சியமான மேவன் சென்ட்ரல் பாதுகாப்பில்லாத பழைய இணைப்பை நிறுத்தியபோது எங்கள் பில்டே 501 என்ற பிழையோடு விழுந்தது. பொங்கல் சட்டியை இறக்கிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். 2021 பிப்ரவரியில் பாதுகாப்பு ஆய்வாளர் அலெக்ஸ் பிர்சன், நிறுவனங்களின் உள் லைப்ரரிப் பெயரிலேயே பொது இடத்தில் ஒன்றைப் போட்டால் பல பில்டுகள் அதை நம்பி இழுத்துக்கொள்ளும் என்று செய்தே காட்டினார். அதே வருட டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா லைப்ரரியில் பெரிய பாதுகாப்புக் குறை. 2.15, 2.16, 2.17 என்று அடுத்தடுத்துத் திருத்தங்கள் வந்த அந்த வாரத்தில், நாம் எந்தப் பதிப்பை அனுப்புகிறோம் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. அப்போதே மரத்தைப் பார்த்தோம். லாக்ஃபோர்ஜே இருக்கிற கிளையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டோம்.

இத்தனைக்கும் அடியில் இருந்தது அந்த 55 நிமிடம் என்பது என் கணிப்பு. காத்திருக்க முடியாதவர்கள் ஒற்றை ஜாரைத் தூக்கிப் போட்டார்கள், பகுதி பில்ட் ஓட்டினார்கள், இன்ஸ்டால் கொடுத்தார்கள். நேரத்துக்குக் காரணம் காமன். அதில் ஓர் எழுத்தை மாற்றினால் மற்ற 61 மாட்யூல்களும் அசையும். கூகுளின் 'பேசல்' என்ற பில்ட் கருவிக்கு மாறலாமா என்று பேசினோம். கோப்பின் நேரத்தைப் பார்க்காமல் உள்ளடக்கத்தைப் பார்த்து எதை மறுபடி செய்வது என்று முடிவெடுக்கும் கருவி, அருமையானது. ஆனால் யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்று எங்களுக்கே தெரியாதபோது அதை வேறு மொழியில் எழுதி வைத்து என்ன பயன்? காமனை உடைக்கத் தொடங்கினோம். வரி, அச்சு, தேதி ஆகிய மூன்றும் தனியாகப் போய்விட்டன. முழு பில்ட் இப்போது 31 நிமிடம். காமனில் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது. நைட் ஆடிட்டை முழுக்க ஓட்டும் டெஸ்டும் பாதிதான் முடிந்திருக்கிறது.

மார்ச்சில் பயந்து அந்தப் பட்டியலைப் பழைய கலைந்த வரிசைக்கே திருப்பியிருந்தோம். ஜூனில் தம்பி மறுபடி அகர வரிசையில் அடுக்கினான். இந்த முறை கமிட்டுக்கு முன்னும் பின்னும் மரத்தை அவனே அச்சிட்டு, வரிசையை மறந்து உள்ளடக்கத்தை மட்டும் ஒப்பிட்டு என் மேசைக்குக் கொண்டு வந்தான். ஒரு பதிப்புகூட மாறவில்லை.

"இப்ப போடலாமாக்கா?"

"போடு."